பலகையில் ஆறு கட்டம்

வாண்டுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் தெருவில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் சாவியைப் பூந்தொட்டியில் நட்டு ஒரு வாரம் தண்ணீர் ஊற்றியது ஒன்று. அப்பாவின் ஷூவுக்குள் கஞ்சியை ஊற்றி 'அதுக்கும் பசிக்கும்ல' என்று சொன்னது இன்னொன்று. பன்னிரண்டு வயதாகியும் பெயரும் போகவில்லை, சேட்டையும் போகவில்லை. "இவ ஒருத்தியே பத்துப் பிள்ளைக்குச் சமம், கடவுளே" என்று அவள் அம்மா புலம்பாத நாளில்லை. அந்தப் புலம்பலில் கொஞ்சம் பெருமையும் ஒட்டிக்கொண்டிருக்கும், அது தெருவுக்கே தெரியும்.

அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் பின்னறை வேலை. வட்டமாக வந்து சேரும் லென்ஸைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்து, ஓரத்தை மழுக்கி, உள்ளே அமர்த்தித் தரவேண்டும். நூலளவு கூடினால் உள்ளே போகாது, குறைந்தால் கடகடவென்று ஆடும். தேய்க்கிற சக்கரத்தின் மேல் நாள் முழுக்கத் தண்ணீர் சொட்டும். அந்த வெள்ளைச் சேறு விரலிடுக்கில் காய்ந்து, வீட்டுக்கு வந்து எத்தனை முறை சோப்புப் போட்டாலும் முழுக்கப் போகாது. "என் கண்ணுக்குத் தப்பி ஒரு கீறல் வெளிய போகாது" என்பது அவளுடைய பேச்சு. முதலாளியும் அதை ஒப்புக்கொள்வார்.

அப்பா, பாட்டிலில் ஷாம்பு நிரப்புகிற கம்பெனியில் காலை ஷிஃப்ட் லைன் மேனேஜர். பாட்டில்கள் வரிசையாக ஓடிவரும். ஒருவர் நிரப்ப, ஒருவர் மூடி போட, ஒருவர் லேபிள் பார்க்க, ஒருவர் அட்டைப்பெட்டியில் அடுக்க வேண்டும். லைன் நின்றால் இவருக்கு மூச்சே நின்ற மாதிரி. அந்த வருஷம் கம்பெனி அவரை மூன்று நாள் ஒரு ஹோட்டலில் தலைமைப் பயிற்சிக்கு அனுப்பியது. போகும்போது சாதாரண மனுஷனாகத்தான் போனார். வரும்போது கையில் தடியாக ஒரு ஃபைலும் நடையில் ஒரு விறைப்பும் இருந்தன. சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவைக் காணோம் என்றால்கூட "இது யாரோட பொறுப்பு?" என்று கேட்க ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பள்ளிக்கூடத்து வாலிபால் மாஸ்டர் வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போனார். பெண் பிள்ளைகளுக்கு ஒரு டீம் இருந்தது, மொத்தம் ஏழு பேர். வரிசையாகப் பதினொரு ஆட்டம் தோற்ற டீம். தோற்றுவிட்டு வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தைப் பிய்த்துத் தின்றுகொண்டு, யார் எப்படி விழுந்தாள் என்று நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். வாண்டுதான் அதில் பெரிய நடிகை.

"தோத்துட்டு எப்படிடி சிரிக்க வருது?" என்று அப்பா கேட்டார்.

"அழுதா மட்டும் பாயின்ட் தருவாங்களாப்பா?"

அந்தப் பதில் அவரை எங்கேயோ குத்தியிருக்க வேண்டும். மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போய், சாயங்காலம் நாலிலிருந்து ஐந்தரை வரை நான் சொல்லித் தருகிறேன், சம்பளம் வேண்டாம் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்குப் பைத்தியமா என்ன?

பள்ளிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பெரிய கூடம் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் சரக்கு வைத்த இடம். மழைக்காலத்தில் கூரைமேல் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. முதல் நாளே அவர் அங்கே வெள்ளைப் பலகை ஒன்றை மாட்டி, ஆறு கட்டம் போட்டு, ஒன்றிலிருந்து ஆறு வரை எண் எழுதினார். அம்மா அன்றைக்குக் கடையிலிருந்து சீக்கிரமே கிளம்பி நேராகப் போய் வாசலில் நின்று பார்த்தாள்.

"பேர் எங்கங்க?"

"பேர் எதுக்கு? பேர் போட்டா 'அவ வரல, அதான் தோத்தோம்'னு ஒரு சாக்கு வரும். இடம்னு போட்டுட்டா ஒரே கேள்விதான். இடம் நிறைஞ்சிருக்கா, இல்லையா? எங்க லைன்ல மூடி போடறது யாருன்னு பாட்டிலுக்குத் தெரியுமா?"

"பாட்டிலுக்குத் தெரியாது. மூடி போடறவனோட பொண்டாட்டிக்குத் தெரியும்ல?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அந்தக் கூடத்தில் அவள் கேட்ட கடைசிச் சிரிப்பு அதுதான்.

அவர் மோசமாகச் சொல்லித் தந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. கத்த மாட்டார், திட்ட மாட்டார், கை ஓங்க மாட்டார். அதுவும் ஃபைலில் இருந்தது. தினமும் ஐந்து நிமிஷம் நின்றபடியே ஒரு கூட்டம். நேற்று என்ன நடந்தது, இன்றைக்கு என்ன செய்யப்போகிறோம், தடை என்ன? அப்புறம் ஒரு பாடம். "பந்தை யாருக்குக் கொடுக்கறியோ அவதான் உன் கஸ்டமர். கஸ்டமருக்குக் கெட்ட சரக்கு அனுப்பலாமா?" "கூடாது சார்!" ஒவ்வொருத்தியும் மற்ற ஐந்து இடத்து வேலையையும் பழக வேண்டும். தன் இடத்தைப் பற்றி ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும், ஷிஃப்ட் மாறும்போது அடுத்த ஆளுக்கு எழுதிவைக்கிற மாதிரி. யாருக்காவது முடியவில்லை என்றால் கையைத் தூக்கிவிட்டு ஒதுங்கலாம். காரணம் கேட்கக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. கை மேலே போனதும் ரிலீவர் உள்ளே வந்துவிட வேண்டும். கம்பெனியில் யாராவது ஒதுங்கினால் அந்த இடத்துக்கு ஓடிவந்து நிற்கிற ஆளுக்கு ரிலீவர் என்று பெயர். இங்கே அது ஏழாவது பிள்ளை. ஆள் சின்னது, காரம் பெரிது என்று அவளை மிளகு என்று கூப்பிடுவார்கள். கிட்டத்தட்ட வாண்டின் உயரம். பலகையில் அவளுக்குக் கட்டம் கிடையாது, ஆறு எண்ணுக்கும் ஒவ்வொரு சட்டை மட்டும் உண்டு. வாண்டு மூன்றாம் எண்.

ஜெயித்தார்கள். அதைச் சொல்லத்தானே வேண்டும்? முதலில் ஒன்று, அப்புறம் மூன்று, அப்புறம் வரிசையாக ஒன்பது. பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. "உங்க வீட்டுக்காரர் மந்திரம் போட்டுட்டாரு" என்று கடைக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். வாண்டின் அம்மாவுக்கும் உச்சி குளிரத்தான் செய்தது.

ஒரு நாள் மழை பெய்துகொண்டிருந்தது. பின்னறையில் வேலையாக இருந்தவளுக்கு வெளியே நடைபாதையில் யாரோ தண்ணீரை மிதித்து வருகிற சத்தம் கேட்டது. ஒரே ஆள், கொஞ்சம் கனமான ஆள் என்று நினைத்தாள். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் மூன்று பிள்ளைகள் நிற்கிறார்கள். மூவரும் ஒன்றாகக் காலைத் துடைத்தார்கள்.

"சோடாபுட்டியோட கண்ணாடி காது பக்கம் லூஸா இருக்கு ஆன்ட்டி. சரி பண்ணணும்."

சோடாபுட்டி என்பது ஐந்தாம் எண், தடித்த கண்ணாடி போட்ட பிள்ளை. அவள் வரவில்லை. கண்ணாடியை மிளகு போட்டிருந்தாள். அந்தப் பவருக்கு நல்ல கண் உள்ளவர்கள் இரண்டடி வைத்தாலே தலை சுற்றி விழுவார்கள். இந்தப் பிள்ளை படியேறி, கதவைத் தள்ளி, நாற்காலியைச் சுற்றிக்கொண்டு நேராக வந்து நின்றது.

"கழட்டுடி முதல்ல! கண்ணு என்னத்துக்கு ஆகும்?"

"பழகிடுச்சு ஆன்ட்டி. நாங்க எல்லாருமே போட்டுப் பழகிட்டோம்."

"எதுக்கு?"

"அவ பார்க்கிற மாதிரி பார்த்தாத்தானே அவ இடத்துல நிக்க முடியும்?"

எந்தக் கேலியும் இல்லாமல் சொன்னாள். அம்மா கண்ணாடியின் கையை வளைத்துச் சரிசெய்து கொடுத்தாள். அன்றைக்கு ஒரு லென்ஸை ஓரம் உடைத்தாள், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை.

வீட்டிலும் ஏதோ மாறிக்கொண்டு வந்தது. அம்மா மேசையில் பட்டாணி உரித்துக்கொண்டிருப்பாள், அடுப்பில் பால் பொங்குகிறதே என்று எழுந்து போவாள். திரும்பி வந்தால் வாண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து உரித்துக்கொண்டிருப்பாள். முதலில் சந்தோஷமாக இருந்தது. பிறகு, தான் எழுந்ததை இந்தப் பிள்ளை கவனித்ததா, நாற்காலி காலியானதை மட்டும் கவனித்ததா என்று ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"ஏங்க, இப்பல்லாம் அவ ஒரு சேட்டையும் பண்றதில்ல."

"நல்லதுதானே? இத்தனை வருஷம் அதுக்குத்தானே புலம்பினே?"

"அதில்லங்க... பார்க்கப் பயமா இருக்கு."

"உனக்கு அழுதாலும் குத்தம், சிரிச்சாலும் குத்தம். ஒரு நாள் வந்து ஆட்டத்தைப் பாரு."

போய்ப் பார்த்தாள். ஷூ தரையில் உரசும் சத்தம், பந்து கையில் படும் சத்தம், கூரையில் மழை. வேறு ஒன்றும் கிடையாது. ஒரு பிள்ளைகூட இன்னொரு பிள்ளையைக் கூப்பிடவில்லை, திட்டவில்லை, அய்யோ என்று சொல்லவில்லை. நடுவில் ஒரு பந்து சோடாபுட்டியின் மூக்கில் அடித்து ரத்தம் வந்தது. அவள் கையைத் தூக்கிவிட்டு வெளியே நடந்தாள். கண்ணாடியைக் கழற்றி மிளகின் கையில் கொடுத்துவிட்டுத்தான் நடந்தாள். மற்ற ஐந்து பேரும் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. வாண்டும்தான்! அம்மா கைக்குட்டையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"பார்த்தியா?" என்றார் அவர் பின்னாலிருந்து, கண்ணெல்லாம் மின்ன. "பந்து கீழ விழல."

அதற்கு அடுத்த வாரம் நடந்ததுதான் விஷயம்.

மழை விட்டபாடில்லை. கடையை ஆறு மணிக்கு மூடிவிட்டு, ஆறேகாலுக்கு வீட்டுக்குள் வந்தாள். அந்நேரத்துக்கு எப்போதும் வாண்டு வந்திருப்பாள். அப்பா கூடத்திலேயே உட்கார்ந்து அன்றைய கணக்கெல்லாம் வரைபடமாகப் போட்டுவிட்டு ஏழு மணிக்குத்தான் வருவார். வாசலில் ஈர ஷூ கழற்றிக் கிடந்தது. சமையலறையில் மூன்று என்று எண் போட்ட சட்டை, முதுகைக் காட்டிக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தது. அம்மா குடையை விரித்துவைத்தாள், பையைப் போட்டாள், பேச ஆரம்பித்தாள். அவளுக்கு அது ஒரு பழக்கம். நாள் முழுக்கச் சக்கரத்தோடு இருந்தவளுக்கு வீட்டுக்கு வந்ததும் யாரிடமாவது கொட்ட வேண்டும்.

"அந்த வங்கிக்காரர் இருக்காரே, இன்னிக்கும் கண்ணாடி மேல உட்கார்ந்துட்டாராம். மூணாவது தடவைடி! கேட்டா நாற்காலி மேல பழி போடறாரு. எனக்கு வந்த சிரிப்புக்கு..."

சட்டை சிரித்தது. சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரித்தது.

"தலை சொட்டுது பாரு, துவட்டினா என்ன?" என்று துண்டை எடுத்துப் பின்னாலிருந்தே அந்தத் தலையைத் துவட்டிவிட்டாள். முட்டை வேகவைத்து உரித்துத் தட்டில் வைத்தாள். அது குனிந்தபடி வந்து உட்கார்ந்து, மஞ்சள் கருவைத் தனியாக எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு வெள்ளையைத் தின்றது. வாண்டு அப்படித்தான் தின்பாள். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, முதலாளி, வீட்டு வாடகை, முட்டிவலி என்று பேசிக்கொண்டே இருந்தாள். நடுநடுவே "ம்" வந்தது. பத்து நிமிஷம் போயிருக்கும். பாலை ஆற்றித் தம்ளரில் கொண்டுவந்து வைக்கும்போதுதான் முகத்தைப் பார்த்தாள்.

மிளகு.

தம்ளர் கையிலிருந்து நழுவியது. விழுவதற்குள் அந்தப் பிள்ளை இரண்டு கையாலும் பிடித்துவிட்டது.

"நீ... நீ எதுக்குடி இங்க? வாண்டு எங்க?"

"தெரியாது ஆன்ட்டி. கையைத் தூக்கினா. நான் வந்துட்டேன்."

"எங்க வந்தே?"

"மூணுக்கு."

"விளையாட்டுல மூணுக்கு வந்தே, சரி. வீட்டுக்கு எதுக்குடி வந்தே?"

மிளகு அவளை ஏதோ சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "அவ திரும்பி வரல ஆன்ட்டி. ஆட்டம் முடிஞ்சுது, எல்லாரும் கிளம்பினோம். மூணும் வீட்டுக்குப் போகணும்ல? இடம் காலியா இருக்கக் கூடாதே."

அம்மா தம்ளரை வாங்கி மேசையில் வைத்தாள். "உன்னை உங்க வீட்ல தேட மாட்டாங்களா?"

"எங்க வீட்ல எட்டரைக்குத்தான் ஆள் வருவாங்க. அதனாலதான் சார் என்னை ரிலீவரா போட்டாரு."

மேசைமேல் ஒரு நோட்டு திறந்து கிடந்தது. வாண்டின் கையெழுத்து. மூன்றாம் இடத்தில் எப்படி நிற்க வேண்டும், எந்தக் காலை முன்னால் வைக்க வேண்டும் என்று தொடங்கி, பக்கத்தைத் திருப்பினால் வீடு வந்துவிட்டது. 'சாவி மீட்டர் பெட்டிக்குப் பின்னால். மஞ்சள் கரு வேண்டாம். டப்பாவைக் கழுவி வைக்க வேண்டும். அம்மா வந்ததும் பேசுவார்கள். திரும்ப வேண்டியதில்லை. ம் சொன்னால் போதும். நடுவில் ஒருமுறை சிரிக்க வேண்டும்.'

அதைப் படித்தபோது அவளுக்கு வந்த வலி சொல்லி மாளாது. ஆனால் நின்று அழ நேரமில்லை. போனை எடுத்தாள்.

"வாண்டு அங்க இருக்காளா?"

"அனுப்பிட்டேனே" என்றார் அவர். "ஆறு பேரும் கேட் தாண்டினாங்க. எண்ணித்தானே அனுப்பினேன்?"

"ஏழு பேருங்க! உங்க டீம்ல ஏழு பிள்ளைங்க!"

"ரிலீவரை எண்றதில்லையே" என்றார்.

மிளகின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, குடையைக்கூட மறந்து ஓடினாள். மழை இருட்டில் தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. கூடத்து வாசலில் அவர் நின்றிருந்தார், பேனா இன்னும் கையில். உள்ளே பலகையில் ஆறு கட்டத்திலும் ஆறு சரிக்குறி.

"வாண்டு!" என்று கத்தினாள். "வாண்டு! அம்மா வந்திருக்கேன்டி!"

தகரத்தில் மழை. பதில் இல்லை. கழிப்பறை, தண்ணீர்க் குழாய்ப் பக்கம், படிக்கட்டுக்கு அடி எல்லாம் பார்த்துவிட்டார்கள். அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு, பழக்கத்தில் வாயில் வந்ததைக் கூப்பிட்டார்.

"மூணு!"

"ரெடி சார்!" என்றாள் மிளகு, அம்மாவின் பக்கத்திலிருந்து.

கூடத்தின் கோடியில் அதே நொடியில் 'ரெ' என்று ஏதோ கிளம்பி, பாதியில் நின்றுவிட்டது.

அம்மா அந்தப் பக்கம் திரும்பினாள். மிளகின் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். "மறுபடி கூப்பிடுங்க."

"என்ன நடக்குது இங்க..."

"கூப்பிடுங்கன்னா!"

"மூ... மூணு."

உள்ளங்கைக்குள் மிளகின் உதடுகள் அசைந்தன. இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

"ரெடி சார்" என்று சுவரோரம் சாய்த்துவைத்திருந்த மெத்தைகளுக்குப் பின்னாலிருந்து மெல்ல ஒரு குரல் வந்தது.

சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே முழங்காலை வலது கையால் கட்டிக்கொண்டு வாண்டு உட்கார்ந்திருந்தாள். இடது மணிக்கட்டு வீங்கி, கை அதன் பாட்டுக்கு ஒரு பக்கமாகத் தொங்கியது. முகத்தில் கண்ணீர்த் தடமே இல்லை.

"எப்படிடி ஆச்சு?"

"கீழ விழுந்தேன். கையைத் தூக்கிட்டு ஒதுங்கினேன்."

"கத்தியிருக்கலாமே கண்ணு! அப்பா இங்கதானே இருந்தாரு?"

"கத்தினா ஆட்டம் நின்னுடும்லம்மா."

"ஆட்டம் முடிஞ்சப்புறம்?"

வாண்டு யோசித்தாள். "யாராவது குறையுதுன்னு சொல்லுவாங்கன்னு இருந்தேன். அப்பா எண்ணினாரு. ஆறுன்னாரு. சரியா இருந்துச்சு."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "எண்ணினேனே... நான் எண்ணினேனே..." என்று பலகையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவரைத் திட்டலாம் என்று அவள் வாயைத் திறந்தாள். வாய்வரை வந்த வார்த்தை நின்றுவிட்டது. மிளகின் தலையைத் துவட்டிவிட்ட ஈரம் இன்னும் அவள் விரலில் இருந்தது.

தெருமுனைக் கிளினிக்கில் படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் விரிசல் என்று மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டுப் போடும்போதும் வாண்டு முனகவில்லை. "இவ்ளோ தைரியமான பிள்ளையை நான் பார்த்ததே இல்ல" என்றாள் நர்ஸ்.

வெளியே வந்தபோது மழை தூறலாகியிருந்தது. மிளகை அவள் வீட்டில் விட வேண்டும் என்று நான்கு பேருமாக நடந்தார்கள். அவர் நாலடி முன்னால், குனிந்த தலையோடு. அம்மா நடுவில், இந்தப் பக்கம் ஒரு பிள்ளை, அந்தப் பக்கம் ஒரு பிள்ளை. இரண்டு பேரும் ஒரே காலை ஒரே நேரத்தில் எடுத்து வைத்தார்கள். அம்மா வேண்டுமென்றே நடையை மாற்றிப் பார்த்தாள். அவர்கள் மாறவில்லை.

மிளகு வீட்டு வாசலில் நின்றார்கள். உள்ளே விளக்கு இல்லை. மிளகு சாவியை எடுக்கும்போது வாண்டு கேட்டாள்.

"அம்மா, வீட்ல இருக்கிறது நான் இல்லன்னு உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

பிள்ளை நிமிர்ந்து அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வாசல்ல கால் வச்சதுமே தெரிஞ்சுதுடி. பெத்தவளுக்குத் தெரியாதா?"

வாண்டு உடனே நம்பவில்லை. அம்மாவைத் தாண்டி மிளகை எட்டிப் பார்த்தாள். "நிஜமாவாடி?"

மிளகின் தலைமுடி இன்னும் சரியாகக் காயவில்லை. வாண்டின் அம்மாவை அவள் பார்க்கவே இல்லை. ஒரு நொடிகூடக் காக்கவைக்கவும் இல்லை.

"ஆமா. உள்ள வந்தவுடனே 'நீ யாருடி, எம் பொண்ணு எங்க'ன்னு கேட்டாங்க. என்னைப் பேசவே விடல."

வாண்டின் வாய் கோணியது. அப்புறம் அழ ஆரம்பித்தாள். கை வலிக்கிறது, பசிக்கிறது, மெத்தைக்குப் பின்னால் எலி இருந்தது என்று ஒன்றையும் விடாமல் சொல்லி, தெருவே எட்டிப் பார்க்கும்படி ஊளையிட்டு அழுதாள். முன்னால் போனவர் ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டார். "அழுடா, நல்லா அழு" என்று அவரும் அழுதார்.

அம்மா மட்டும் அழவில்லை. கதவுக்குள் போகப்போன மிளகின் கையைப் பிடித்து நிறுத்தினாள். நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அந்தச் சின்ன முகத்தில் எதிர்பார்ப்பு எதுவும் இல்லை. வேலை முடிந்த ஆள்போல் நின்றது அது.

"தனியா இருக்க வேண்டாம். எங்க வீட்டுக்கு வாடி" என்றாள்.

"வாண்டு வந்துட்டாளே ஆன்ட்டி" என்றாள் மிளகு. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.